சேமக்காலைக்கு வந்த கொப்பிக்காரர்

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பிரான்சில் இருக்கிற மகனுக்குப் போட்ட கடிதங்கள்தான். போதாததற்கு இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லியிருந்தால் வாசிக்கிறவர்கள் குறை நினைக்க வேண்டாம். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும். அவரை நான் ஒரு வருடத்துக்குக் கிட்டச் சந்தேகப்பட்டேன். சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் தன்னுடைய பெயரை என்னிடம் ஒருதரம் சொன்னவர். நான் கூச்சத்தில் சரியாகக் காது கொடுக்கவில்லை. பிறகு கேட்க வெட்கமாக இருந்தது. எப்போதும் ஒரு எழுத்துக் கொப்பியோடு திரிந்தபடியால் எங்கள் ஊரில் எல்லாரும் அவரைக் கொப்பிக்காரர் என்றுதான் சொன்னோம்.

எங்கள் ஊர் அச்சுவேலிக்கு வடக்கே கடலோடு ஒட்டின ஒரு சின்னக் கரை. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர்; கடல்தொழில். எங்கள் ஆட்களைப் புதைக்கிற சேமக்காலை ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. றோட்டுப் பக்கம் வாசல், பின்பக்கம் கடல். நவம்பர் மாதத்தில் மரித்த ஆத்துமாக்களின் திருநாள் வரும். அதற்கு முதல் நாள் ஊரே அங்கே போய்ப் புல் பிடுங்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும். அப்படி ஒரு நாளில்தான் அவர் முதலில் வந்தார்.

மெலிந்த மனிதர். வேட்டி, வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. சேட்டுப் பையில் இரண்டு பேனை. சைக்கிள் கரியரில் ஒரு நீலமட்டைக் கொப்பி, கடற்காற்றில் ஈரம் ஏறாமல் சொப்பிங் பையில் சுற்றிக் கட்டியிருந்தது. வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நாங்கள் அங்கே செருப்புக் கழற்றுவதில்லை.

"பார் மச்சாள், உவர் கோயிலெண்டு நினைச்சிட்டார்" என்றாள் என் மச்சாள். என் புருஷனின் தங்கை அவள். நான் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவள்.

அவர் ஒவ்வொரு கல்லறையாக நின்றார். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளிடம் கேட்டார்.

"இது ஆரின்ரை?"

"எங்கடை அப்பரின்ரை."

"பிரேதம் வைக்கேக்கை நீங்கள் நிண்டனீங்களோ?"

"நான் அப்ப சின்னப் பெடியன். ஆனால் இதுதான் இடம். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சதை நான் கேக்கேல்லைத் தம்பி. நீங்கள் கண்டனீங்களோ?"

அந்த ஆள் தூரிகையைச் சுண்ணாம்பு வாளிக்குள் போட்டுவிட்டு முழித்தார். கொப்பிக்காரர் ஏதோ எழுதினார். பக்கத்துக் கல்லறைக்குப் போனார். பொம்பிளைகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஊர் கலங்கிப்போனது. அதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாளுக்கு முன்புதான் ஒரு கம்பனி எங்கள் கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்கு விடுதி கட்டப் போவதாகக் கதை வந்திருந்தது. சேமக்காலையின் கடற்பக்கப் பாதிக்குத் தங்களிடம் பழைய உறுதிப் பத்திரம் இருக்கிறது என்றும், அங்கே கல்லறை ஒன்றும் இல்லை என்றும் கம்பனி சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து கல்லறை எல்லாம் உண்மையோ பொய்யோ என்று கேட்டால் யாருக்குத்தான் பயம் வராது?

கோயிலில் மணியடிப்பது, பீடம் ஒழுங்கு பண்ணுவது எல்லாம் எங்கள் சங்கிலித்தாம். அவர் அடித்துச் சொன்னார்: "உவர் கம்பனியின்ரை ஆள்தான். அச்சுவேலிச் சந்தியிலை கம்பனி வானாலை இறங்கினவர். ஆரும் சொல்லக் கேட்டதில்லை, என்ரை கண்ணாலை பாத்தனான்."

கொப்பிக்காரருடைய குணமே அந்த ஒரு கேள்விதான். ஒருவர் சொன்னதை அவர் எடுக்க மாட்டார். அச்சுவேலி பஸ் நிலையத்தில் ஒருநாள் நானும் நின்றேன். கொண்டக்டர் பெடியன், "கடைசி பஸ் போயிட்டுது ஐயா" என்றான். இவர், "நீர் கண்டனீரோ, இல்லாட்டி ஆரும் சொன்னதோ?" என்றார். பெடியன் தலையைச் சொறிந்தான். பத்து நிமிடத்தில் பஸ் வந்தது. நாங்கள் எல்லாரும் ஏறினோம். பெடியன் அவருக்குச் சீற்றுப் பிடித்துக் கொடுத்தான்.

இன்னொரு நாள் எங்கள் கரையில் மீன் விற்கிற இடத்தில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை. சைவக்காரர் வெள்ளிக்கிழமையில் மீனடிக்கு ஏன் வருகிறார் என்று எங்களுக்குள் ஒரு கதை ஓடியது. மச்சாள் பாரைமீனைத் தூக்கிக் காட்டினாள்.

"ஐயா, விடியப் பிடிச்சது. செவுளைத் திறந்து பூவைப் பாருங்கோ, இரத்தம்."

"பிடிக்கேக்கை கண்டனீங்களோ?"

"ஓமோம், நானும் உதோடைதான் நீந்தி வந்தனான். நான் கரையேறிட்டன், உது வலைக்குள்ளை மாட்டிட்டுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததோ இல்லையோ தெரியாது. மீனும் வாங்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் எந்தெந்த வள்ளத்தை எந்தப் பக்கம் ஏற்றி வைக்கிறார்கள், பழைய காலத்தில் பிரேதம் எந்தப் பாதையால் போனது என்று ஆம்பிளைகளிடம் விசாரித்தாராம். அதுவும் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, எங்கள் வீடுகளில் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். தேத்தண்ணி வைத்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பார். சைக்கிளில் ஒரு போத்தல் தொங்கும். அதில் இருந்துதான் குடிப்பார். சாவகச்சேரிப் பக்கத்து நல்ல வேளாளக் குடும்பம் என்று கேள்விப்பட்டபோது, சரி, விஷயம் இதுதான் என்று நினைத்தோம். எங்கள் பாத்திரத்தில் வாய் வைக்கத் தயங்குகிற ஆட்களை நாங்கள் நேற்று இன்றா பார்க்கிறோம். ஆனால் எங்களிடம் கதைக்கும்போது அவர் ஒருநாளும் "நீங்கள்" என்பதை விட்டு இறங்கியதில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. அவ்வளவு மரியாதை எதற்கு?

இப்போது நான் சொல்லக் கூசுகிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வாசலோரத்தில் இருக்கிற எங்கள் சிலுவைகள் பெரும்பாலும் பொய்.

சண்டையில் இடம்பெயர்ந்து போய் இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் எங்களை ஊருக்கு விட்டார்கள். சேமக்காலையில் ஒரு சிலுவையும் இல்லை. மதில் இல்லை. மண் சமமாகக் கிடந்தது. கடற்பக்கம் முழுக்க முட்பற்றை. மண்டையோடு கீறின சிவப்புப் பலகை நட்டிருந்தது, மிதிவெடி. அந்த வருட ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கே மெழுகுதிரி கொளுத்துவது? அப்போதிருந்த பாதர், "ஆண்டவருக்கு இடம் தெரியும், நீங்கள் வாசலோரத்திலேயே கொளுத்துங்கள்" என்றார். சங்கிலித்தாம் கயிறு பிடித்து, உனக்கு இது, உனக்கு இது என்று இடம் பிரித்துத் தந்தார். எல்லாரும் ஒவ்வொரு மரச்சிலுவை நட்டோம்.

அது ஒரு வருடத்துக்கு என்றுதான் நட்டது. அடுத்த வருடம் மரம் உக்கிவிடும் என்று சீமெந்தில் செய்தார்கள். பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகள் மாபிள் பதித்தார்கள். பெயர் வெட்டினார்கள். மிதிவெடி எடுத்து முடிந்து பற்றையும் வெட்டின பிறகு, சிலுவையைத் தூக்கிக்கொண்டு உண்மையான இடத்துக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. இதுதான் எங்கள் அப்பர், இதுதான் எங்கள் ஆச்சி என்று சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வேறொன்றும் தெரியாது. கம்பனிக்காரன் வந்து பார்த்தபோது சிலுவை எல்லாம் வாசலோரம், கடற்பக்கம் வெறும் மணல்.

என்னுடைய மூத்த மகள் நாலு வயதில் நெருப்புக்காய்ச்சலில் போனாள். இடம்பெயர்வதற்கு முன்பு. அவளைக் கடற்பக்கம்தான் வைத்தோம். குழி வெட்டும்போது உப்புத்தண்ணீர் ஊறி, என் புருஷன் சிரட்டையால் அள்ளி ஊற்றினவர். பெட்டி நனையக் கூடாது என்று கீழே பனையோலை போட்டவர். வாசலோரத்தில் அவளுடைய பெயரோடு நிற்கிற சிலுவையை நான் நட்டேன். மகன் மாபிள் போட்டான். என் தங்கச்சியின் பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். நான் வாய் திறக்கவில்லை.

கம்பனி பிறகு நல்ல பிள்ளை மாதிரி ஒரு சமாதானத்துக்கு வந்தது. நடுவால் ஒரு மதில் தாங்களே கட்டித் தருவார்களாம். சிலுவை இருக்கிற பாதி எங்களுக்கு, வெறும் பாதி அவர்களுக்கு. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பாதரும் யோசனையில் இருந்தார். வழக்கென்று போனால் வருடக்கணக்காகும், கிடைக்கிறதைக் காப்பாற்றுவோம் என்று பல ஆம்பிளைகள் சொன்னார்கள். சங்கிலித்தாமும் அதுதான் சரி என்றார்.

கொப்பிக்காரர் மூலையில் இருந்தார். பாதர் அவரைக் காட்டி, "இவர் எங்கடை லோயர் அம்மாவின்ரை கிளாக்கர். முந்திச் சாவகச்சேரிக் கோட்டிலை வேலை செய்தவர்" என்றார். எங்களுக்கு ஒரு லோயர் இருப்பதே பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மச்சாள் என் காதுக்குள், "இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குறாராக்கும்" என்றாள்.

அவர் எழும்பிக் கொப்பியைத் திறந்தார். "நான் கேட்டவரைக்கும் ஒருத்தரும் தாங்கள் கண்டதெண்டு சொல்லேல்லை. வாசலோரத்திலை இருக்கிற ஒரு சிலுவைக்கும் கண்ட சாட்சி இல்லை. கடற்பக்கத்துக்கும் இல்லை. இப்பிடியே கோட்டுக்குப் போனால்..."

முடிக்க விடவில்லை. மச்சாள் எழும்பிவிட்டாள். "எங்கடை சனத்தின்ரை குழியைப் பொய்யாக்கவோ வந்தனீர்? ஆரைக் கண்டனீர் ஆரைக் கண்டனீர் எண்டு கேக்கிறீர், உம்மை ஆர் அனுப்பினதெண்டு நாங்கள் கண்டமோ?"

மண்டபம் முழுக்கச் சத்தம். அவர் கொப்பியை மூடிச் சொப்பிங் பையில் சுற்றினார். "அக்கா கேட்ட கேள்வி சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், வாசலோரச் சிலுவையில் என் மகளின் பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன். அவரைக் கண்டதும் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"வீட்டிலை ஆம்பிளையள் ஆரும் இருக்கினமோ அம்மா?"

"இல்லை."

"உங்கடை அவர்?"

"மோசம் போயிட்டார், இப்ப இல்லை."

கொப்பியைத் திறந்தார். "அப்ப உங்கடை பிள்ளையை வைக்கேக்கை கண்ட ஆள் எண்டு இப்ப ஒருத்தரும் இல்லை." சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துப் படலைப் பக்கம் திரும்பியும் விட்டார்.

என்னை என்ன பிடித்தது என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னேன்: "நான் நிண்டனான்."

"வீட்டிலை நிண்டிருப்பியள்."

"இல்லை. குழியடியிலை."

அவர் என்னைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பிரேதம் போகேக்கை பொம்பிளையள் வீட்டுப் படலையோடை நிக்கிறதுதானே?"

"அது உங்கடை ஆக்கள் ஐயா. எங்கடை பெண்டுகள் சேமக்காலைவரைக்கும் போறவை. குழிக்குள்ளை மண் போடுறவை. நானும் போட்டனான்."

அவர் சற்றுமுன் எழுதினதை வெட்டினார். சைவக்காரரில் பொம்பிளைகள் சுடலைக்குப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க அதையே பார்த்தவர். எல்லாரிடமும் கண்டனீங்களோ என்று கேட்டுத் திரிந்தவர், ஊரில் பாதிச் சனத்திடம் கேட்கவே இல்லை. எங்கள் ஆம்பிளைகளில் அந்த நாளில் பிரேதம் தூக்கின பலர் இப்போது உயிரோடு இல்லை. கிழவிகள் நாங்கள்தான் மிச்சம்.

மீன்பெட்டி ஒன்று கவிழ்த்து இருந்தது. அதில் இருந்தார். கொப்பியில் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் கோட்டிலை இருந்தனான்" என்றார். "இப்பிடி ஒரு பிழை விட்டதில்லை. எங்கை வைச்சனீங்கள் அம்மா?"

"கடற்பக்கம்."

"அப்ப வாசலோரத்துச் சிலுவை?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். பிறகு, தண்ணீர் ஊறினது, சிரட்டை, பனையோலை எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி. சிரட்டையை நீங்கள் கண்டனீங்களோ, அவர் பிறகு சொன்னதோ? ஓலையை ஆர் கொண்டுவந்தது? என் பிள்ளையின் சாவை ஒருத்தரும் அவ்வளவு விபரமாக என்னிடம் கேட்டதில்லை.

அவர் போன பிறகுதான் பயம் பிடித்தது. வாயைக் கொடுத்துக் கெட்டேனோ? அவர் கம்பனியின் ஆளாக இருந்தால் இப்போது அவர் கையில் ஒரு பேச்சு இருக்கிறது. சிலுவை பொய் என்று ஒரு கிழவியே ஒத்துக்கொண்டாள் என்று கோட்டில் சொல்லி வாசலோரப் பாதியையும் எடுத்துவிடுவார்கள். மச்சாளிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கு வாழ்நாளிலை ஒருக்கால்தான் வாய் திறந்தது மச்சாள், அதுவும் உந்த மனுசனிட்டையோ?"

இரண்டு கிழமை எனக்கு நித்திரை இல்லை. அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேவிட்டேன்.

"இதைச் சொன்னால் வாசலோரமும் போயிடுமோ ஐயா?"

போகாது என்று சொல்லியிருந்தால் அவரைக் கம்பனிக்காரன் என்றே முடிவு கட்டியிருப்பேன். அவர், "போகலாம்" என்றார். "சிலுவை பொய்யெண்டால் சனமும் பொய்யெண்டு அவையின்ரை லோயர் சொல்லுவார். சொல்லாட்டி வாசலோரம் நிச்சயமாய் உங்களுக்கு. கடற்பக்கம் நிச்சயமாய்ப் போகும். எது வேணுமெண்டு நான் சொல்லேலாது."

"உங்களுக்கு ஏன் ஐயா இந்தக் கரைச்சல்? நீங்கள் வேதக்காரர் இல்லையே."

"எங்கடை ஆக்களை எரிச்சு, சாம்பலைக் கீரிமலையிலை கரைச்சாச் சரி. என்ரை அம்மாவைப் பாக்கவெண்டு போக எனக்கு ஒரு இடமில்லை, வேணுமெண்டும் நினைச்சதில்லை. நீங்கள் அப்பிடியில்லை. கடைசி நாளிலை உடம்போடை எழும்புவினம் எண்டு விசுவாசிக்கிறியள், அதுக்காகத்தானே கொண்டுபோய் வைச்சிருக்கிறியள். நான் அதை நம்பத் தேவையில்லை. அவரவர் தங்கடை மதப்படி நடக்கலாமெண்டு நாட்டின்ரை பெரிய சட்டத்திலை இருக்கு. நீங்கள் நம்புறியள் எண்டதைக் கோட்டிலை நீதிபதி நம்பினால் காணும்."

தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். பழையபடி கும்பிட்டார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். "நீங்கள் சாட்சி அம்மா. சாட்சியின்ரை வீட்டிலை வாய் நனைச்சனீரோ எண்டு கோட்டிலை கேப்பினம்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாட்சி இல்லாத வீடுகளிலும் அவர் குடிக்கவில்லையே. அதை நான் கேட்கவில்லை.

நான் மூன்று நாள் யோசித்தேன். வாசலோரத்தில் மாபிளுக்குக் கீழே என் பிள்ளை இல்லை. அதைக் காப்பாற்றி நான் என்ன செய்ய? கடற்பக்கம் விடுதி கட்ட அத்திவாரம் வெட்டினால் அவளுடைய எலும்பை யார் எந்தக் கடலில் எறிவான்?

கோட்டுக்குக் கொடுக்கிற சத்தியக் கடதாசிக்குச் சம்மதித்தேன். அவர் எழுதி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். "வாசலோரம் நான் நட்ட சிலுவைக்குக் கீழே என் பிள்ளை இல்லை" என்று ஒரு வரி இருந்தது. வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணி என் பெயரை எழுதினேன். ஒரு எழுத்து விட்டுப்போய், மேலே சேர்த்து எழுதினேன்.

என்னைக் கண்டு மற்றக் கிழவிகள் வந்தார்கள். ஒருத்தி புருஷனை, ஒருத்தி தாயை, ஒருத்தி பிறந்த அன்றே போன பிள்ளையை வைக்கக் கண்டவள். அநேகம் பேர் கடற்பக்கம்தான். மச்சாள் கடைசியாக வந்தாள். தன் தகப்பனைப் புதைத்த இடத்தை விரலால் மணலில் கீறிக் காட்டிவிட்டு, "ஓம், கண்டனான், கண்டனான், கண்டனான். மூண்டு தரம் சொல்லிப்போட்டன், பிறகு வந்து கேக்காதையும்" என்றாள். சங்கிலித்தாம் ஒரு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. கயிறு பிடித்து இடம் தந்தவர் அவர். தன்னைப் பொய்யனாக்கிவிட்டோம் என்று மனத்தாங்கல். அதுவும் நியாயம்தான்.

லோயர் அம்மா அந்தக் கடதாசிகளை வைத்து வழக்குப் போட்டு, நீதிபதி ஐயா நேரே இடம் பார்க்க வந்தார். ஊர் முழுக்க மதில் இருந்த இடத்தைச் சுற்றி நின்றது. கம்பனியின் லோயர் என்னை வாசலோரச் சிலுவையடிக்குக் கூப்பிட்டார். போனேன்.

"இந்தச் சிலுவை ஆர் நட்டது அம்மா?"

"நான்."

"இதுக்குக் கீழை ஆர் இருக்கினம்?"

"தெரியாது."

"அப்ப இவ்வளவு வருஷமாய் ஆருக்கு மெழுகுதிரி கொளுத்தினீங்கள்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"என்ரை பிள்ளைக்குத்தான். அங்கை மிதிவெடி எண்டு பலகை கிடந்தது. போகேலாதெண்டு இஞ்சை கொளுத்தினனான்."

நீதிபதி ஐயா, "எங்கே என்று காட்ட முடியுமா?" என்று கேட்டார். நான் நடந்தேன். மாபிள் கல்லறைகளைத் தாண்டி, ஒன்றும் இல்லாத மணலுக்குள், அந்தச் சனம் எல்லாம் பார்க்க. தாழம்பற்றைக்குக் கிட்டப் போய் நின்றேன்.

கம்பனி லோயர் விடவில்லை. "சரியாய் எந்த இடம்? ஒரு நாலடிக்குள்ளை காட்டுங்கோ பாப்பம்."

கொப்பிக்காரர் தூரத்தில் நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சாடையும் காட்டவில்லை.

"இதிலையிருந்து அந்தத் தாழைக்குள்ளை ஐயா. அதுக்குமேலை சரியான இடம் கேட்டால் நான் பொய்தான் சொல்லவேணும்."

நீதிபதி ஐயா எழுதினார். மற்றக் கிழவிகளும் அப்படித்தான், இதிலிருந்து அதுக்குள்ளை என்று காட்டினார்கள். எல்லாம் சேர்ந்தபோது கடற்பக்கத்தில் காட்டாத இடம் இல்லை. சரியான இடம் தெரியாதபடியால் ஒரு இடத்தையும் தோண்ட முடியாது என்று ஆனது. வழக்கு முடியும்வரைக்கும் அந்தக் காணிக்குள் யாரும் மண் வெட்டவோ மதில் கட்டவோ கூடாது, எங்கள் வழிபாட்டுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று தடை கொடுத்தார்கள். செத்தவர்களை வைத்த மண்ணில் நின்று செபிப்பதும் எங்கள் மதத்தைக் கைக்கொள்வதில் சேர்ந்ததுதான் என்று அதில் எழுதியிருக்கிறதாம். லோயர் அம்மா கோயிலில் வாசித்து விளங்கப்படுத்தினார்.

வெளியே வரும்போது கொப்பிக்காரரிடம் கேட்டேன். அவ்வளவு காலமும் கேட்கத் துணியாததை.

"நீங்கள் கம்பனி வானிலை வந்தது உண்மையோ ஐயா?"

"உண்மை."

"ஏன்?"

"அவையின்ரை வரைபடத்தைப் பாக்கவேணுமெண்டு கேட்டனான். வானிலை ஏறச் சொன்னவை. ஏறினனான்."

"உங்களுக்கு ஏன் காட்டினவை?"

சைக்கிளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நானும் அதைத்தான் யோசிச்சனான்." ஏறி மிதித்துப் போய்விட்டார். கம்பனி தன்னைத் தங்கள் வேலைக்குப் பாவிக்கிறதோ என்று அவர் தன்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டார் என்று எனக்கு ஒரு எண்ணம். அதை நம்புவதோ விடுவதோ என்று இன்னும் எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. ஆனால் தாழம்பற்றையடியில் நான் நின்ற நேரம் அவர் கண்ணைக் கூடக் காட்டாமல் நின்றார் பாருங்கள், அதை நினைக்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். வேறு யாராக இருந்தாலும், இன்னது சொல்லு என்று சாடை காட்டியிருப்பார்கள்.

பிறகு அவர் வரவில்லை. சுகமில்லை என்றார்கள். ஒருநாள் மோசம் போனார் என்று பாதர் பூசையில் அறிவித்தார். செத்தவீட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு வான் பிடித்துப் போனோம். பிரேதம் எடுக்கிற நேரம் அந்த வீட்டுப் பொம்பிளைகள் படலையோடு நின்றார்கள். நானும் மச்சாளும் அவர்களோடு நின்றோம். எங்கள் ஆம்பிளைகள் சுடலைக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் அவருடைய மகள் எல்லாருக்கும் தேத்தண்ணி தந்தாள். எங்களுக்கும் அதே கோப்பைதான். மச்சாள் என்னைப் பார்த்தாள். நான் குடித்தேன்.

மகளிடம் அந்த நீலக்கொப்பியைப் பற்றிக் கேட்டேன். எந்தக் கொப்பி என்றாள். லோயர் அம்மாவிடமும் இல்லையாம். கிழவிகள் எல்லாரும் சொன்னதும், யார் எங்கே கிடக்கிறார்கள் என்று அவர் கீறின படமும் அதற்குள்தான் இருந்தன. கோட்டில் கொடுத்தது எங்கள் சத்தியக் கடதாசிகள் மட்டும். எங்களில் மூன்று பேர் இப்போது இல்லை.

இதை எழுதத் தொடங்கினதற்குக் காரணம் போன கிழமை கேள்விப்பட்ட ஒரு விஷயம். சேமக்காலையின் கடற்பக்கத்தில் சிவப்புப் பூசின கட்டைகள் நட்டிருக்கிறதாம். கோயில் மதில் கட்ட அளந்தது என்று ஒருவர் சொல்கிறார். கடலரிப்புக்குக் கல் போட வந்தவர்கள் நட்டது என்று இன்னொருவர் சொல்கிறார். பாதர் புதிதாக வந்தவர், தனக்குத் தெரியாது என்கிறார். சங்கிலித்தாம் படுக்கையில்.

நான் எழுதினதில் முன்பின்னாக வந்திருக்கும். நீதிபதி ஐயா வந்த மாதம் எனக்கு நினைவில்லை. தடைக் கடதாசியில் இருந்த சொற்களும் நான் சொன்ன மாதிரியே இருக்காது. தெரிந்தவர்கள் லோயர் அம்மாவிடம் கேட்டு அதையெல்லாம் திருத்திவிடுங்கள். அந்தத் தடை இன்னும் நடப்பில் இருக்கிறதோ என்றும் கேளுங்கள். இந்த வருடம் மெழுகுதிரி கொளுத்தப் போகிறவர்கள் வாசலோரத்தோடு திரும்பிவிடாமல் தாழம்பற்றை வரைக்கும் நடந்து, அந்தக் கட்டைகள் எத்தனை, எந்த இடத்தில், நட்டது யார் என்று பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள். மணலில் அவ்வளவு தூரம் நடக்க என் காலுக்கு இப்போது ஏலாது.